சாலை ரோடு

சாலை, திருவனந்தபுரம்
ஞாயிறு இரவு

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது.  

பூஜை லீவுக்கு வருவதாகச் சொன்னாய். கோவளமும் மிருகக்காட்சிசாலையும் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது, பழைய கோயில், கோட்டை என்று ஏதாவது காட்டு என்றாய். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

போன தடவை உன் மகள் கடைவாசலில் நின்று போர்டைப் படித்துவிட்டு என்ன கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? “மாமா, சாலைன்னா ரோடுதானே? அப்போ ‘சாலை ரோடு’ன்னா ரோடு ரோடா?” எல்லாரும் சிரித்தோம். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் மிளகும் சுக்கும் நிறுக்கிறேன். திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய கம்போளம் என்று அப்பா சொன்னதோடு சரி. ஒரு சின்னப் பிள்ளையிடம் முழித்தது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.

ரோடு என்பது பின்னால் வந்த அர்த்தமாம். பழைய காலத்தில் சாலை என்றால் கூடம். பாடசாலை, தர்மசாலை என்கிறோமே, அந்தச் சாலை. சாப்பாடும் போட்டுப் படிப்பும் சொல்லிக்கொடுத்த இடம். நம் கடையிலிருந்து கிள்ளிப்பாலம் பக்கமாக நடந்தால் வலியசாலை. அக்கிரகாரத்தின் நடுவே காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறதே, எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருக்கிறோம்! ராஜராஜ சோழன் கல்வெட்டுகளில் முதல் வெற்றியாக வரும் காந்தளூர்ச் சாலை அதுதான் என்கிறார்கள். விழிஞ்ஞம் பக்கம் என்று சொல்பவர்களும் உண்டு. அங்கே அவன் ‘கலம் அறுத்தான்’ என்கிறது கல்வெட்டு. கலம் என்றால் மரக்கலம், அதாவது சேரன் கப்பல்களை அழித்தான் என்று ஒரு கட்சி. உண்கலம்தான், சாலையில் நடந்த சாப்பாட்டைப் பற்றிய பேச்சு என்று இன்னொரு கட்சி. இங்கே பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த நம் கவிமணி இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நூலே எழுதியிருக்கிறார். கப்பலா, சாப்பாட்டுத் தட்டா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பலசரக்குக்கடைக்காரன் எனக்குத் தட்டுதான் பிடித்திருக்கிறது.

இனி உனக்கும் எனக்கும் சொந்தமான விஷயத்துக்கு வருகிறேன். புதுக்கடையை ஒட்டி, அப்பா பிறந்த முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் என்று ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது. போன ஞாயிறு தம்பானூரில் பஸ் ஏறி, களியிக்காவிளை வழியாக அங்கே போய்விட்டு வந்தேன். ஆய் குலத்து அரசன் கோக்கருநந்தடக்கன் கட்டியது. முஞ்சிறைச் சபையாரிடம் வேறு நிலம் கொடுத்து, மாற்றாக இந்த இடத்தை வாங்கிக் கோயில் எடுத்து, கூடவே ஒரு சாலையும் வைத்தான். எந்த மாதிரியில் தெரியுமா? காந்தளூர்ச் சாலை மாதிரியில்! செப்பேட்டில் அப்படியே இருக்கிறது. கி.பி. 866-ஆம் வருஷத்தது. இங்கே திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில், அதாவது அந்தக் காலத்து அரசாங்க ஆபீசில், இருந்ததால் ஹுசூர் செப்பேடு என்று பெயர். நம் தெருவுக்கும் அப்பா ஊருக்கும் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலான சம்பந்தம் இருந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அந்தச் சாலையில் 95 பேர் படித்தார்கள். சட்டர் என்று பெயர். எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம் என்று 45, 36, 14 எனப் பிரித்தே எழுதியிருக்கிறான். ஒருவரை ஒருவர் ஏசினால் தண்டம், கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வந்தால் தண்டம் என்று சட்டதிட்டம் வேறு. இதைப் படித்தபோது ஒரு நல்ல ஹாஸ்டலை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. கோயிலைச் சுற்றி வந்தேன். இதுதான் சாலை இருந்த இடம் என்று சொல்ல என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. தென்னை நிழலும் காக்கைச் சத்தமும்தான்.

பெருமையோடுதான் திரும்பி வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வேறொரு எண்ணம் வந்தது. அந்த 95 இடங்களும் வேதம் ஓதியவர்களுக்கு. முஞ்சிறையில் வயல் உழுத நம் ஆட்களுக்கு அதில் ஒன்றுகூட இல்லை. படிப்பை விடு, 1936 நவம்பர் 12-இல் கோயில் நுழைவு விளம்பரம் வரும் வரை தாத்தா மதிலுக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டார். அப்பா இதை ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் வேறு எதையோ பேசும்போது. அஞ்சாம் கிளாஸோடு நிறுத்திவிட்டு அவர் சாலைக்கு வந்ததும், முதல் மூன்று வருஷம் சம்பளமில்லாமல் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கடையில் நின்றதும், மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து கணக்கு எழுதப் படித்ததும் உனக்கும் தெரியும். அப்பா சேர்ந்த சாலை இதுதான். சாதி கேட்காமல் சேர்த்துக்கொண்டது, ஆனால் வேலை வாங்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு எந்தப் பழைய இடத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான் எனக்கு. இங்கே யார் இலை போட்டுச் சாப்பிட்டார்கள், யார் வெளியே நின்றார்கள்? பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிக் கூட்டிப்போவோம். ராஜா பெயர் மறந்தாலும் இது மறக்காது.

இன்றைக்குச் சிதறால் போய்வந்தேன். மார்த்தாண்டத்திலிருந்து பக்கம். காலை ஏழு மணிக்கே ஏறிவிட வேண்டும், வெயில் வந்தால் பாறை சுடும். மேலே பாறை நெற்றியில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பார்சுவநாதருக்குத் தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருக்கிறது, சின்னவனுக்குப் பிடிக்கும். சமணப் பள்ளியாக இருந்து பிற்பாடு பகவதி கோயில் ஆன இடம். விக்கிரமாதித்த வரகுணன் என்ற ஆய் அரசனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. குணந்தாங்கிக் குரத்திகள் என்ற அம்மாள் இந்தத் திருச்சாணத்து மலைப் படாரிக்குப் பொன்நகை கொடுத்த செய்தி. குரத்தி என்றால் சமணப் பெண் துறவி, குரு ஸ்தானத்தில் இருப்பவள். பார்த்திவபுரத்தில் 95 ஆண்கள் ஓதிய காலத்தை ஒட்டியே, கொஞ்சதூரம் தள்ளி ஒரு பெண் குரு! உன் மகளை இந்த மலைக்குக் கட்டாயம் ஏற்றிவிட வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை போகாதே, பூட்டியிருக்கும். தக்கலைக்குப் பக்கம், தமிழ்நாட்டு மண். ஆனால் நிர்வாகம் கேரள அரசு. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டுப் பக்கம் போனபோது அரண்மனை மட்டும் கேரளா கையில் நின்றது. எல்லாரும் மரவேலையையும் கண்ணாடி மாதிரி மின்னும் தரையையும் பார்ப்பார்கள். நீங்கள் ஊட்டுப்புரையில் நின்று பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். அங்கே என் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேள். பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் சண்டையில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மா மகாராஜாவுக்கே படைத்தலைவனான டச்சுக் கம்பெனிக்காரன் டிலனாய் கல்லறை உள்ளே இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் உண்டு. சின்னவன் தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கட்டும்.

நவராத்திரிக்கு முன்னமே வந்துவிடப் பார். பத்மநாபபுரத்து சரஸ்வதி யானைமேல் இங்கே வருவாள். வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் இருப்பாள். முருகனுக்கு இடம் நம் பக்கத்து ஆரியசாலையில், அதுவும் ஒரு சாலைதான். கரமனையில் நின்று பார்க்கலாம், பிள்ளைகள் தோளில் ஏற வேண்டியிருக்காது.

பார்த்திவபுரம் போகும் அன்றைக்கு முஞ்சிறையில் சித்தி வீட்டில் கை நனைக்காமல் வரக்கூடாது, முன்னமே சொல்லிவிடு. ‘ரோடு ரோடா’ கேள்விக்குப் பதிலை உன் மகளிடம் இப்போதே சொல்லிவிடாதே. கோயில் நடையில் வைத்து நான் சொல்லிக்கொள்கிறேன். டிக்கெட் போட்டதும் தேதி எழுது. நேந்திரங்காய் வறுத்து வைக்க மைனிக்கு ஒரு நாள் வேண்டுமாம்.

அன்புடன்,
அண்ணன்