காக்கூவின் எறும்புகள்

இளநிலை விலங்கியல் மாணவர்கள் சிலர், நரம்பு மண்டலத்தின் அடிப்படைகளைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டு ஒரு மாதத்திற்கு மேலாகிறது. இருமுறை தொடங்கினேன். இருமுறையும் ‘நரம்பு மண்டலம் இரு பெரும் பகுதிகளை உடையது’ என்ற வரியோடு நின்றுவிட்டேன். அதை எழுதியவுடன் கடந்த ஆண்டு ஜனவரி மாதம் நினைவில் வந்து நின்றுகொள்கிறது. ஆகவே அதையே எழுதிவிடுகிறேன். மாணவர்கள் கேட்டதும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

புனேயின் சிங்ககட் சாலையில், கடக்வாஸ்லா அணைக்குச் சற்று முன்னதாக உள்ள கிர்கட்வாடியில், ஒரு வீட்டின் மாடியறையில் குடியிருக்கிறேன். 2021-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 23 ஊர்களுள் அதுவும் ஒன்று. கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளர்களான முதிய தம்பதியர். அவர்களைக் காகா, காக்கூ என்றே அழைப்பேன். மராத்தியில் சித்தப்பா, சித்தி என்று பொருள். காக்கூ என்னைப் ‘பாளா’ என்பார். குழந்தாய் என்பதற்கு இணையான விளி அது.

என் ஆய்வுப்பொருள் நரம்பிழையின் மேலுறை. வரிக்குதிரை மீனின் குஞ்சுகள் ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை. ஷ்வான் செல்கள் இழையைச் சுற்றிச் சுற்றி மையலின் உறையை அமைப்பதை, உயிருள்ள குஞ்சிலேயே நுண்ணோக்கியில் காணலாம். நான்கு ஆண்டுகளாக நான் அதைத்தான் பார்த்துவருகிறேன். இதைச் சொல்வது பெருமைக்காக அன்று. பின்வரும் பிழையின் அளவு விளங்க வேண்டும் என்பதற்காக.

2025 ஜனவரி முதல் வாரத்தில் காக்கூவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மூன்று நாள்களில் நின்றுவிட்டது. 14-ஆம் தேதி சங்கராந்தியன்று வழக்கம்போல் எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டைகள் செய்து, தெருவிலுள்ளோர்க்கெல்லாம் தந்தார். 16-ஆம் தேதி காலை, கட்டிலில் அமர்ந்து பாதங்களைத் தேய்த்துக்கொண்டே என்னிடம், “பாயாலா முங்க்யா யேதாத், பாளா” என்றார்.

என் மராத்தி காய்கறிச் சந்தைக்குப் போதுமான மராத்தி. முங்க்யா என்றால் எறும்புகள் என்பது தெரியும். காலுக்கு எறும்புகள் வருகின்றன என்கிறார், கட்டிலருகே எள்ளுருண்டைத் தட்டு இருக்கிறது, வேறென்ன வேண்டும்? கடைக்குச் சென்று எறும்புச் சாக்கட்டி வாங்கிவந்து, கட்டிலின் நான்கு கால்களைச் சுற்றியும் கோடு கிழித்தேன். காக்கூ சிரித்தார். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு ஆய்வகத்திற்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை தரையிலிருந்து அவரால் ஊன்றி எழ இயலவில்லை. மாலையில் வலக்காலிலிருந்து செருப்பு நழுவியது அவருக்குத் தெரியவில்லை. செருப்பின்றியே நாலடி நடந்திருக்கிறார். இரவு காகா மேலே வந்து சொன்னபோதுதான் ‘முங்க்யா’ என்பதன் பொருளைக் கேட்டேன். அவர் தம் கையை உதறி, ‘ஜிணஜிண’ என்று வாயால் ஒலித்துக் காட்டினார். மதமதப்பு! எங்கள் வீட்டில் அம்மா ‘கால் மதமதங்குது’ என்பாரே, அது. எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று நாமும் சொல்கிறோம். பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும்கூட இந்த உணர்வுக்கு எறும்பையே அழைக்கிறார்கள். மருத்துவ நூல்களிலும் எறும்பின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்த சொல் ஒன்று உண்டு. அதை நான் தேர்வில் எழுதியிருக்கிறேன்.

வயிற்றுப்போக்கு, பத்து நாள் கழித்து இரு பாதங்களிலும் ஒரே சமயத்தில் மதமதப்பு, பின் கீழிருந்து மேலேறும் தளர்ச்சி. இந்த வரிசை என் துறையின் பாடநூல்களில் உள்ளது. கட்டிலைச் சுற்றி நான் இட்ட வெள்ளைக் கோடு அப்போதும் அழியாமல் இருந்தது.

18-ஆம் தேதி விடியலில் மருத்துவமனைக்குச் சென்றோம். இளம் மருத்துவர் ஒருவர் ரப்பர்ச் சுத்தியால் காக்கூவின் முழங்காற்சில்லுக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. மறு காலும் அவ்வாறே. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாணவர்களுக்காக இங்கே சற்று நிற்கிறேன். மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து கிளம்பும் 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 31 இணை நரம்புகளும் புறநரம்பு மண்டலம். முழங்காலில் தட்டும்போது தொடைத் தசை நீட்சியுறுகிறது. அந்தச் செய்தி உணர்வு நரம்பு வழியே இடுப்புப் பகுதித் தண்டுவட நரம்புகளின் மட்டத்தை அடைந்து, அங்கேயே இயக்கு நரம்புக்குக் கைமாறி, தசைக்குத் திரும்புகிறது. மூளையின் அனுமதி தேவையில்லை. இதுவே அனிச்சை வில். ஆனால் நூல்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: அச்செய்தி ஓர் இழையில் போவதன்று, பல இழைகளில் ஒருங்கே போவது. அவை ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால்தான் கால் துள்ளும். மேலுறை பழுதான இழைகளில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். சொற்கள் அனைத்தும் வந்து சேர்ந்தும் வாக்கியம் அமையாத நிலை. தசையில் வலு எஞ்சியிருக்கும்போதே அனிச்சை மறைந்துவிடுவதற்கு இது ஒரு காரணம்.

ஓய்வில் உள்ள நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும். தூண்டல் வரும்போது சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. பின் பொட்டாசியம் வெளியேறிச் சமன் செய்கிறது. உறையற்ற மெல்லிழையில் இது அடிமேல் அடிவைத்து நகரும்: நொடிக்கு ஒரு மீட்டர் அளவே. மையலின் உறையுள்ள இழையிலோ, உறைத் துண்டுகளுக்கு இடைப்பட்ட ரான்வியர் கணுக்களில் மட்டும் தாவித் தாவிச் செல்லும்: நொடிக்கு 50 மீட்டருக்கும் மேல். கால்விரலை அசைக்கும் நரம்பணுவின் உடல் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்க, அதன் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீண்டு பாதம் வரை இறங்குகிறது. நீளம் மிகுந்தால் பழுதுபடக்கூடிய இடங்களும் மிகும். எனவே பெரும்பாலும் பாதமே முதலில் முறையிடுகிறது.

அந்த எறும்புகளும் பொய்யல்ல. உறையிழந்த உணர்விழை, தூண்டல் எதுவுமின்றி நடுவழியில் தானாகவே துடிப்பை எழுப்பும். அத்துடிப்பு எங்கே பிறந்தது என்பது மூளைக்குத் தெரியாது. இந்த இழை பாதத்திலிருந்து வருவது என்ற முகவரி மட்டுமே தெரியும். ஆகவே பாதத்தில் ஏதோ ஊர்கிறது என்று முடிவுகட்டுகிறது.

நோயின் பெயர் கில்லன் பாரே. 1916-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மூவர், இரு படைவீரர்களிடம் கண்டதை எழுதினர்: கை கால் தளர்ச்சி, அனிச்சை இழப்பு, மூளைத் தண்டுவட நீரில் செல்கள் மிகாமல் புரதம் மட்டும் மிகுதல். மூன்றாமவர் பெயர் ஸ்ட்ரோல். மின் அளவீடுகளைச் செய்தவர் அவரே. நோயின் பெயரிலிருந்து உதிர்ந்தவரும் அவரே! ஆய்வு மாணவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள் என்பதை அறிவேன்.

காக்கூவுக்கு எதிர்ப்புரதச் சிகிச்சையை அன்றே தொடங்கினர். ஆயிரக்கணக்கானோர் தந்த குருதிநீரிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை, உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் என்று ஐந்து நாள்கள் சிரைவழி ஏற்றுவார்கள். அது பலன் தருவதற்குள் தளர்ச்சி எதுவரை ஏறும் என்பதே கேள்வி. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்துப் பகுதியின் 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து வருகிறது. அவ்வளவு மேலே ஏறினால் செயற்கைச் சுவாசம்தான்.

அதைக் கண்காணிக்க ஓர் எளிய வழி உண்டு. ஆழ மூச்சிழுத்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். எண்ணிக்கை இருபதுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கையாக வேண்டும். காக்கூவுக்குத் தெரிந்தது மராத்தி மட்டுமே. கருவிகளின் இரைச்சலில் அவருடைய மெல்லிய குரலைக் கேட்க யாரேனும் அருகிருக்க வேண்டும். பார்வை நேரங்களில் என்னை அமர்த்தினர். முதல் நாள் ஏக்தீஸ் வரை, 31. மறுநாள் 24. மூன்றாம் நாள் மாலை ‘சோளா’வோடு நின்றது. 16. காக்கூ என் முகத்தைப் பார்த்து, தவறு செய்த பிள்ளைபோல் மீண்டும் எண்ணத் தொடங்கினார். அப்போதும் சோளாதான். மராத்தி எண்களை நான் ஒழுங்காகக் கற்றது அந்த மூன்று நாள்களில்.

அந்த வாரத்தில்தான் செய்தி வெளிவந்தது. சிங்ககட் சாலையை ஒட்டிய பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே நோய் ஐயத்தோடு சேர்க்கப்பட்டிருந்தனர். ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் நோய் இது. மாத இறுதிக்குள் எண்ணிக்கை நூறைக் கடந்தது. பிப்ரவரியில் இருநூறை நெருங்கியது. இறந்தவர்களும் உண்டு. புனேயிலேயே உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் நோயாளிகளின் மலத்தைச் சோதித்து, சிலரிடம் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியாவைக் கண்டறிந்தது. எங்கள் தெருவில் குளோரின் மணக்கத் தொடங்கியது. தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி ஒலிபெருக்கியோடு வண்டி வந்தது.

அந்தப் பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள சில சர்க்கரை அமைப்புகள், நம் நரம்பிழைகளின் சவ்விலுள்ள கேங்லியோசைடுகளை ஒத்திருக்கும். அதை அழிக்கப் பிறந்த எதிர்ப்புரதம், வேலை முடிந்த பின்னும் அலைந்து, அதே சாயலை நரம்பில் காண்கிறது. இதைக் காகாவிடம் என் உடைந்த மராத்தியில் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியானால் அவள் உடம்பு ஏமாறவில்லை, ஆள் மாறாட்டம்” என்றார். ஒரு சொல்லை ஆள்மாறாட்டமாகக் கேட்டவன் நான் என்பதை அவரிடம் அப்போது சொல்ல இயலவில்லை.

எண்ணிக்கை அதற்குக் கீழே இறங்கவில்லை. நான்கு நாள்கள் பதினாறிலும் பதினேழிலும் நின்று, பிறகு மெல்ல ஏறியது. இரண்டாம் வாரத்தில் செய்த நரம்புக் கடத்தல் சோதனையில், காலில் 40 மீட்டருக்கு மேல் இருக்கவேண்டிய வேகம் நொடிக்கு 29 மீட்டராக இருந்தது. உறை பழுதான வகை. ஆக்சானே அறுந்திருந்தால், அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். பாதம் சேர ஆண்டுகள் ஆகலாம். உறை மட்டும் என்றால் ஷ்வான் செல்கள் சில வாரங்களில் மீண்டும் சுற்றத் தொடங்கும். அவர் கால்களுக்குள் அவை சுற்றுவதை நான் பார்க்க இயலாது. ஆய்வகத்தில் மீன் குஞ்சுகளில் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

மருத்துவரிடம் அந்த ஒன்றரை நாள் தாமதத்தைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வாரத்திற்குள் தொடங்கினால் போதும், நீங்கள் விரைவாகவே வந்தீர்கள் என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் மூன்றாம் நாள் மாலை அவர் கட்டிலருகே அமர்ந்து பதினாறோடு நின்ற குரலைக் கேட்டவர் அவரல்லர்.

ஏப்ரலில் காக்கூ ஊன்றுகோலுடன் மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்தார். சாக்கட்டிக் கதையை அன்றுதான் முழுவதும் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. “கோடு போட்ட பிறகு இரவு எறும்பு குறைந்ததுபோல் இருந்தது, அதனால்தான் நான் ஒன்றும் சொல்லவில்லை” என்றார்.

ஒரு ரப்பர்ச் சுத்தி வாங்கிவைத்திருக்கிறேன். இவ்வாண்டுச் சங்கராந்தியன்று எள்ளுருண்டை தந்துவிட்டு, திண்ணை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தார். வலது முழங்காலில் தட்டினேன். கால் துள்ளி என் முட்டியில் உதைத்தது. காகா கைதட்டினார். இடக்கால் இன்னும் அசையவில்லை. அடுத்த மாதம் மீண்டும் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.