இரவு ஒன்பது மணி ஃபோன்

தாம்பரத்தில் ஒரு மகளிர் விடுதி. அறைக்கு நாலு கட்டில். இரவு ஒன்பது மணி ஆனதும் நாலு கட்டிலிலிருந்தும் நாலு ஊர்த் தமிழ் கிளம்பும். ஒருத்தி "சாப்ட்டனுங்கம்மா" என்பாள், இன்னொருத்தி போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கிசுகிசுப்பாள். ஜன்னலோரக் கட்டில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்ணுடையது. வயது 23. பி.காம். முடித்துவிட்டு கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். பெயர் எதற்கு? காலை எட்டு மணிக்கு தாம்பரம் பிளாட்பாரத்தில் நிற்கும் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை பொருந்தும்.

சென்னையில் வேலை பார்க்கும் பெண் என்றாலே சினிமாவில் கண்ணாடிக் கட்டிடமும் கையில் காபிக் கோப்பையுமாகக் காட்டுவார்கள். இவளுடைய சென்னை வேறு. மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் நின்றுகொண்டே டிபன் பாக்ஸைத் திறந்து இட்லி சாப்பிடுவது. எதிர் சீட்டு அக்கா தலை பின்னிக்கொண்டே இறங்கும் ஸ்டேஷன் சொன்னால், அந்த இடத்தை மனதுக்குள் ரிசர்வ் செய்வது. கிண்டியில் இறங்கிய பிறகு, முகப்பில் பிங்க் அடித்த பஸ் வருமா என்று பத்து நிமிஷம் காத்து நிற்பது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சொகுசு பஸ் முன்னால் வந்தாலும் ஏறமாட்டாள். ஒரு நாள் மிச்சம் சின்னக் காசுதான், ஆனால் மாதக் கடைசியில் அந்தக் காசுக்குத்தான் ஷாம்பு.

சம்பளம் கைக்கு 21,000. விடுதிக்கு 7,500. வீட்டுக்கு 8,000. மீதியில் மேடம் சென்னையில் வாழ்கிறார்!

சரி, ஃபோனுக்கு வருவோம். அம்மாவின் கேள்விகள் மாறவே மாறாது. "என்னட்டி சாப்ட்ட? கேட்டு பூட்டியாச்சா? பக்கத்துல யாரு படுத்திருக்கா?" தனியார் மகளிர் விடுதிகள் லைசென்ஸ் வாங்கியே தீர வேண்டும் என்று 2014-லேயே சட்டம் வந்துவிட்டது. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது, ராத்திரி கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பது ஒன்றுதான் அவருக்குச் சட்டம்.

பதிலும் மாறாது. சாப்பிட்டாச்சும்மா. பூட்டியாச்சும்மா. ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா. இதைக் கேட்கிற யாருக்கும் அம்மாவும் பெண்ணும் பாசமாகப் பேசுவதாகத்தான் தோன்றும். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கடியில் இன்னொரு வேலையும் நடக்கிறது பாருங்கள். ஊரில் நூறு பேர் வேண்டாம் என்று சொல்லியும் அனுப்பி வைத்த பெண் அவள். சென்னையில் இருக்கலாம் என்ற அனுமதி ஒருமுறை கொடுத்ததோடு முடியவில்லை, தினமும் ஒன்பது மணிக்கு ரின்யூ ஆகிறது. ஒரு நாள் குரல் கம்மினால் போதும், "கஷ்டமா இருந்தா வந்துரு தாயி" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வந்துவிட்டால் தம்பியின் இன்ஜினியரிங் ஃபீஸ்?

அவளுடைய அத்தை ஒருவர் 90-களில் சென்னையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை இரவு எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நிற்பாராம். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும், அதனால் கூட்டமும் அப்போதுதான். ஊரில் மளிகைக்கடை ஃபோனுக்குப் போட்டு, கடைப்பையன் ஓடிப்போய் பாட்டியைக் கூட்டி வந்து, மறுபடி போட்டுப் பேசுவதற்குள் மீட்டரில் சிவப்பு எண் ஓடும். நல்லா இருக்கேன், பணம் அனுப்பியிருக்கேன், வச்சிடறேன். அவ்வளவுதான். அத்தை சொல்லாமல் விட்டதெல்லாம் காசு இல்லாததால் விட்டது. 2016-ல் ஜியோ வந்த பிறகு எவ்வளவு நேரம் பேசினாலும் தனிக் காசு இல்லை. இப்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால், வேண்டும் என்றே விட்டது என்று அர்த்தம்.

போன வருஷம் ஆகஸ்டில் காய்ச்சல். நாலு நாள் லீவு, சம்பளமும் கட். டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து என்று கையிலிருந்ததும் போனது. அந்த மாதம் 5,000 தான் அனுப்ப முடிந்தது. "பி.எஃப். பிடித்தம் கூடிருச்சும்மா" என்றாள். பி.எஃப். என்பது அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம், அது ஒரு மாதம் மட்டும் திடீரென்று எப்படிக் கூடும் என்று எந்த காமர்ஸ் ஸ்டூடண்டும் கேட்பான். அம்மா கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடியோ கால். இவள் ஈரம் பூத்த சுவர் தெரியாத பக்கமாக உட்கார்ந்துகொள்வாள். அம்மாவுக்கு வீடியோ இன்னும் பிடிபடவில்லை, பழக்கதோஷத்தில் ஃபோனைக் காதில் வைத்துவிடுவார். அரைமணி நேரமும் ஸ்கிரீன் முழுக்க அம்மாவின் காதுதான். "எம்மா, மூஞ்சிக்கு நேரா வையி" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, அவளும் அந்தக் காதைப் பார்த்தே பேசப் பழகிவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அந்தக் காதில் தோடு இல்லை. வேப்பங்குச்சி இருந்தது.

"தோடு எங்கம்மா?"

"காது புண்ணாயிருக்குட்டி, கழட்டி வச்சிருக்கேன்."

"அந்தக் காதைக் காட்டு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பேச்சு மழைக்கு மாறியது, ஆட்டுக்குட்டிக்கு மாறியது. அன்றிரவே தம்பியை வாட்ஸ்அப்பில் பிடித்தாள். செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி, கையில் 3,000 குறைந்தது, அவசரத்துக்கு அடகுக்கடை. "அக்காட்ட சொல்லாதன்னு அம்மா சொல்லுச்சு" என்று எழுதியிருந்தான்.

அவள் அனுப்பாமல் விட்ட அதே 3,000.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவளாகவே காய்ச்சலைச் சொன்னாள். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "மூக்கால பேசுனியே, அன்னைக்கே தெரியும். நீ சொல்லல, சரி, கேட்டா இன்னும் நாலு பொய் சொல்லணும்னு விட்டுட்டேன்." 'வந்துரு' என்ற வார்த்தை மட்டும் அன்று வரவில்லை. அவள் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தை அது. அதற்குப் பதிலாக அடகுக்கடை வட்டியைப் பற்றி இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். கூட்டுறவு சங்கத்தில் வைத்தால் வட்டி குறையுமே என்று இவள் சொல்ல, அங்கே நகையைத் தூக்கிக்கொண்டு போனால் ஊருக்கே தெரியுமே என்று அம்மா. கணக்கு படித்த பெண்ணிடம் இதற்குப் பதில் இல்லை.

தோடு டிசம்பரில் திரும்பி வந்தது. பொங்கலுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட், 60 நாளைக்கு முன்னால் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்தும் வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைத்தது. கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்துப் போனாள்.

அக்டோபரில் ஒரு ராத்திரி, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து விடுதித் தெருமுனை வரை ஒருவன் பின்னாலேயே வந்ததை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பக்கத்துக் கட்டில் பெண் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்து கூட்டி வருகிறாள். தம்பிக்குத் தெரியும்.