யவன புராணங்களின் தோற்றமும் பயனும்

தெய்வத்தைப் பற்றிய கதைகள் மக்களிடையே எவ்வாறு தோன்றின, அவை எப்பயன் கருதிச் சொல்லப்பட்டன என்னும் வினா மிகப் பழையது. அதனை அஞ்சாது எழுப்பியவருள் யவனராகிய கிரேக்கர் முற்பட்டவர். தம் முன்னோர் கதைகளைத் தாமே நிறுத்துப் பார்த்த அவர்தம் வரலாறு, புராணங்களைப் போற்றுவார்க்கும் இகழ்வார்க்கும் ஒருங்கே பயன்படுவதாம்.

தேவர்களின் குலமுறையையும் தொழிலையும் கிரேக்கர்க்கு வகுத்தளித்தவர் ஹோமர், ஹெஸியட் என்னும் புலவர் இருவருமே என்று கி. மு. 5-ஆம் நூற்றாண்டினரான ஹெரொடோட்டஸ் எழுதினார். ஹெஸியட் பாடியவாறு, குரோனஸ் தன் தந்தையாகிய யுரேனஸை உறுப்பறுத்து வீழ்த்துகின்றான். பின் தான் பெற்ற மக்களையே விழுங்குகின்றான். தப்பிய மகன் ஸியூஸ் அவனை வென்று அரசேறுகின்றான்.

இத்தகைய கதைகளை முதலிற் கடிந்தவருள் ஸெனோபனீஸ் என்பார் சிறந்தவர். களவும் பிறன்மனை நயத்தலும் வஞ்சமும் தேவர்மேல் ஏற்றப்பட்டமையை அவர் வெறுத்தார். எருதுக்கும் குதிரைக்கும் கையிருந்தால் அவை தத்தம் வடிவிலேயே தெய்வத்தை எழுதும் என்று நகையாடினார். ஆயினும் அவர் நாத்திகரல்லர். உருவாலும் அறிவாலும் மானிடரை ஒவ்வாது, முழுதுங் காண்பதும் முழுதும் அறிவதுமாகிய ஒரு பெருந்தெய்வத்தை அவர் உடன்பட்டார்.

கதைகளைக் காக்க முயன்றார் வேறு வழி கண்டனர். தியாகனீஸ் என்பார், தேவர் போர் என்பது தீயும் நீரும் போலும் பூதங்கள் தம்முள் மாறுபடுதலே என உட்பொருள் உரைத்தார். பிற்காலத்து யுஹெமெரஸ், தேவரென்பார் முன்னாளில் ஆண்ட அரசரே என்றார். முன்னவர் உரையில் தெய்வம் சடமாயிற்று. பின்னவர் உரையில் இறந்துபடும் மானிடனாயிற்று. காக்கப் புகுந்த வழியிலும் வழிபடுதற்குரிய பொருள் எஞ்சவில்லை.

பிளேட்டோ இவ்விரண்டிலும் சேரார். உட்பொருள் இருப்பினும் குரோனஸின் கதை இளைஞர் செவியிற் புகலாகாது என்பது அவர் துணிவு. உட்பொருளைப் பிரித்தறியும் ஆற்றல் இளமைக்கு இன்று. அப்பருவத்திற் பதிந்தது பின் எளிதில் நீங்காது. இறைவன் நன்மைக்கே காரணன், தீமைக்குக் காரணனல்லன் என்பதே கதைகளை அளத்தற்கு அவர் கொண்ட அளவுகோல்.

கதைகளைக் கடிந்த அவரே தமது 'குடியரசு' நூலை ஒரு கதையால் முடித்தமை பெரிதும் சிந்திக்கற்பாலது. போரில் மாண்ட 'எர்' என்னும் வீரன், 12-ஆம் நாள் ஈமத்தின்மீது உயிர்பெற்றெழுந்து, மறுமையிற் கண்டவற்றைக் கூறுகின்றான். ஆங்கே உயிர்கள் தம் அடுத்த பிறவியைத் தாமே தெரிந்துகொள்கின்றன. பொறுப்பு தெரிந்தவர்க்கே, தெய்வத்தின்மேற் குற்றமில்லை. முதற்கண் வந்த ஓர் உயிர் சுவர்க்கத்தினின்று வந்தது. எனினும் ஆராயாது கொடுங்கோலரசன் வாழ்வை விரைந்தெடுத்தது. தன் மக்களையே உண்ணும் ஊழ் அதனுள் அடங்கியிருத்தலைப் பின் கண்டு, தன்னை நோவாது தெய்வத்தை நொந்தது. முற்பிறப்பில் அது செய்த அறம் ஞானத்தால் விளைந்ததன்று, வெறும் பழக்கத்தால் விளைந்தது என்கின்றார் பிளேட்டோ. பல துன்பங்களை உழந்து தேறிய ஒடிஸியஸின் உயிரோ, இறுதியில் வந்தும், யாரும் விரும்பாது கிடந்த எளியனொருவனின் அமைதி வாழ்வைத் தேடி மகிழ்ந்தேற்றது.

நல்வினையாற் சுவர்க்கம் எய்தினும் அறியாமை நீங்காதெனச் சித்தாந்தம் கூறும் உண்மையோடு இக்கதை எத்துணை அணுகி நிற்கின்றது! நல்வாழ்வைப் பகுத்தறியும் ஆற்றலைத் தரவல்லாரைத் தேடிக் கற்றலே தலையாய கடன் என்றும் அந்நூல் வற்புறுத்துகின்றது. ஆயினும் தவறித் தெரிந்த உயிரை மீட்க இறங்கி வரும் திருவருள் அங்கே பேசப்படவில்லை. ஆங்கு நெறி இரண்டும் பிரிகின்றன.

முப்புரம் எரித்தலை மும்மல நீக்கமாகத் திருமூலர் விளக்கினார். அவ்வுட்பொருள் இறைவனைச் சடமாக்கவில்லை, மானிடனாக்கவுமில்லை, உயிர்க்கு அவன் செய்யும் உதவியையே காட்டியது. புராணத்தின் பயன் இதுவாகும். கி. பி. 392-இல் தியோடோஸியஸ் மன்னர் பழைய வழிபாடுகளை விலக்கியபின், யவன தேவர் காவியங்களிலும் சிலைகளிலும் மாத்திரம் எஞ்சினர். அரசாணை கோயிலை அடைக்கும், உள்ளத்தை அடைக்கமாட்டாது. ஆதலின் சிறுவர்க்குப் புராணம் உரைப்பார், கதையோடு நில்லாது, இறைவனது கருணையையும் உயிரினது கடனையும் உடன் உணர்த்துதல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்