படம் என்ரை, முகம் ஆற்றை?

"அக்கா, இன்ஸ்டால காசு உழைக்கலாமோ?"

மாதத்தில் நாலைந்து பேராவது இன்பொக்ஸில் இதைக் கேட்கிறார்கள். ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பெடியள், கம்பஸ் தொடங்கும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகள். முன்பெல்லாம் "ஓம், ஆனா கஷ்டம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. முழுக்கச் சொல்வதென்றால் என்னுடைய கணக்குக் கொப்பியைப் பற்றியும், திருநெல்வேலிச் சந்தையில் கடகம் விற்கிற ஒரு ஆச்சியைப் பற்றியும் சொல்ல வேணும்.

2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு போட்ட நேரம்தான் என் பக்கம் தொடங்கியது. செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. கையில் போன் இருந்தது, முற்றத்தில் வெயில் இருந்தது. சுளகில் காயப்போட்ட மிளகாய், மதில்மேல் பூனை, கிணற்றடி வாழை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் போட்டேன். ஊரடங்கு எடுத்த பிறகு சந்தை, குருநகர்க் கரை, கீரிமலை என்று சைக்கிளில் அலைந்தேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆக்கள் கன பேர் வந்து சேர்ந்தார்கள். "எங்கட வீட்டுக் கிணத்தடியும் இப்பிடித்தான்" என்று லண்டனில் இருந்து யாராவது கொமண்ட் போட்டால் அன்றைக்கு முழுக்கச் சந்தோசம். மூன்று வருடத்தில் 11,000 பேர்.

"பதினோராயிரம் பேரெண்டா நல்ல காசு வருமே!" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இங்கேதான் பலருக்குக் குழப்பம். யூடியூப் 2007 முதலே விளம்பர வருமானத்தில் ஒரு பங்கை வீடியோ செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறது. இன்ஸ்டகிராமில் நாங்கள் போடும் சாதாரணப் படத்துக்கு அப்படி ஒரு பங்கு கிடையாது. என் படத்துக்கு மேலேயும் கீழேயும் விளம்பரம் ஓடும், அந்தக் காசு மெற்றாவுக்குப் போகும். 2012இல் இன்ஸ்டகிராமை ஒரு பில்லியன் டொலருக்கு வாங்கியபோது அங்கே வேலை செய்தவர்கள் 13 பேர்தான். 2024இல் மெற்றாவின் மொத்த வருமானம் 164 பில்லியன் டொலரைத் தாண்டியது. ஏறக்குறைய எல்லாமே விளம்பரக் காசு.

அப்படியென்றால் எங்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? கடைக்காரரிடமிருந்து. எங்களைப் பின்தொடர்கிற ஆக்களின் கண்ணுக்கு முன்னால் தங்கள் பொருளை வைக்க அவர்கள் தருகிற கூலி அது. எனக்குக் கிடைத்த முதல் 'சம்பளம்' ஒரு கிலோ சொக்லேட் கேக். அம்மா அதைச் சாப்பிட்டுக்கொண்டே, "நாளைக்குக் கரண்ட் பில்லுக்கும் கேக்கே குடுக்கிறது?" என்று கேட்டா. முதற்காசு 3,000 ரூபாய், ஒரு சீலைக் கடைக்காக. காசு வாங்கிப் போடுகிற போஸ்ட்டில் 'பெய்ட் பார்ட்னர்ஷிப்' என்று குறிக்க வேண்டும் என்பது இன்ஸ்டகிராமின் விதி. நான் அதைப் போட்டதும் கடைக்கார அண்ணா கோல் எடுத்தார்.

"அதை எடுத்துவிடும் பிள்ளை. விளம்பரம் மாதிரித் தெரியுது."

"விளம்பரம்தானே அண்ணா?"

அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

2020 ஓகஸ்டில் ரீல்ஸ் வந்தது. 2021 ஜூனில் இன்ஸ்டகிராமின் தலைவர் அடம் மொசேரி, இது இனிமேல் வெறுமனே படம் பகிர்கிற செயலி இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். நானும் இரண்டு மூன்று ரீல்ஸ் செய்து பார்த்தேன். கமராவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு முன்னால் வந்து நின்று கதைக்க வரவில்லை. திரும்பவும் படத்துக்கே வந்துவிட்டேன்.

இனிக் கொப்பிக் கணக்கு. 2023ஆம் வருடம் முழுக்கக் காசு வாங்கிப் போட்ட போஸ்ட்டுகள் 14. வரவு 98,500 ரூபாய். டேட்டாவுக்கு 16,800, பெற்றோலுக்கு 22,000, போன் திரை உடைந்து மாற்றியதற்கு 18,500. மிச்சம் 41,200. மாதத்துக்கு 3,400 ரூபாய் சொச்சம். ஒரு பிள்ளைக்கு ரியூசன் சொல்லிக் கொடுத்திருந்தால் அதைவிடக் கூட வந்திருக்கும். லைக் எண்ணிக்கையைப் பார்க்கிறவர்கள் இந்த மூன்றாயிரத்து நானூறைக் காண்பதில்லை. நாங்களும் காட்டுவதில்லை.

அந்த 41,200இல் நான் சேர்க்காத ஒரு வரவு இருக்கிறது. அதைத் தனிப் பக்கத்தில் எழுதினேன். அப்போதே மனதில் ஏதோ குறுகுறுத்திருக்க வேணும்.

2022இல் பெற்றோல் இல்லாத காலம். சைக்கிளில் காலமை வெள்ளன திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிருந்தேன். ஓரமாக ஒரு ஆச்சி இருந்து கடகம் இழைத்துக்கொண்டிருந்தா. முன்னால் ஒடியல், புழுக்கொடியல், இரண்டு மூன்று நீத்துப்பெட்டி. கூரை ஓட்டையால் விழுந்த வெயில் சரியாக அவவின் கையிலும் அரைவாசி முகத்திலும் பட்டது.

"ஆச்சி, ஒரு படம் எடுக்கட்டே?"

"எடன். இந்தக் கிழவியை எடுத்து என்ன செய்யப்போறாய்?"

"சும்மாதான் ஆச்சி."

உண்மையிலேயே அப்போது சும்மாதான். நான் போட்ட படங்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். 2023 ஒக்ரோபரில், கனடாவில் எங்கட ஊர்ச் சாமான் விற்கிற ஒருவர் எழுதினார். ஒடியல் மா பக்கெட்டில் அந்தப் படத்தைப் போட வேணுமாம், 200 கனேடியன் டொலர் தருவாராம். "படம் உங்கட தானே?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை.

காசை எடுப்பதே ஒரு கதை. அந்த நேரம் இலங்கையில் பேபாலால் காசு அனுப்பலாம், வாங்க முடியாது. கடைசியில் அவர் வெஸ்டர்ன் யூனியனில் போட்டார், நான் அடையாள அட்டையோடு போய் எடுத்தேன். 46,300 ரூபாய். ஒரே ஒரு படம், என் ஒரு வருட மிச்சத்தைவிடக் கூட.

அடுத்த வருடம் ஒரு நாள் மரக்கறி வாங்கப் போனபோது ஆச்சி கைகாட்டிக் கூப்பிட்டா. பக்கத்துக் கடைப் பெடியனின் போனை வாங்கி என் கையில் தந்தா. கனடாவில் இருக்கிற பேத்தி அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். தமிழ்க் கடை ஒன்றின் தட்டு. வரிசையாக ஒடியல் மா பக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஆச்சி.

"நல்ல வடிவாத்தான் எடுத்திருக்கிறாய்," என்றா. "முதலே சொல்லியிருந்தா நல்ல சீலையொண்டு கட்டிக்கொண்டு வந்திருப்பன்."

நான் சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

"ஆனா பிள்ளை, உந்த மா நான் இடிச்சதில்லையே? நான் இடிக்காத மாவுக்கு என்னை நிப்பாட்டி வச்சிருக்கிறாங்கள்." பிறகு ஓலையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டா. "எவ்வளவு தந்தவங்கள்?"

"பத்தாயிரம் ஆச்சி."

அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது. வாய் திறந்தது, அது வந்து விழுந்தது. பேர்சில் இருந்து 2,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். "சந்தோசம் பிள்ளை" என்று வாங்கிச் சுருக்குப்பையில் வைத்தா. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் அந்தச் சந்தைப் பக்கம் போகவில்லை. மரக்கறிக்கு மருதனார்மடம் போனேன். இரவில் எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடினேன். சட்டம் என் பக்கம்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படத்தின் உரிமை அதை எடுத்தவருக்கு. கேட்டுத்தான் எடுத்தேன். ஆச்சி ஓம் என்றுதான் சொன்னா. ஆனால் ஆச்சி ஓம் சொன்னது 'சும்மா'வுக்கு. பக்கெட்டுக்கு இல்லை.

தேடிப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ஷட்டர்ஸ்டொக், கெட்டி இமேஜஸ் போன்ற தளங்களில், ஆள் யாரென்று அடையாளம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்பதென்றால் அந்த ஆள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேணும். செய்தியோடு போகிற படத்துக்கு அது தேவையில்லை, பொருளை விற்கிற படத்துக்குத் தேவை. இன்பொக்ஸில் நடக்கிற வியாபாரத்தில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்காதபடியால் எனக்கும் வசதியாகப் போய்விட்டது.

ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சனைப் பற்றியும் அப்போதுதான் வாசித்தேன். 1936இல் கலிபோர்னியாவில், பிள்ளைகள் தோளில் முகம் புதைத்திருக்க, தாடையில் கை வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிற ஒரு தாயை டொரத்தியா லாங் எடுத்த படம். 'இடம்பெயர்ந்த தாய்' என்று உலகமே அறிந்த படம். லாங் அரசாங்க வேலையாக எடுத்தது, அதனால் அது யாரும் பயன்படுத்தக்கூடிய படமாக இருந்தது. அவ அந்தத் தாயின் பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. அந்தத் தாய் யாரென்று 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் வரவில்லை என்று அவர் மனக்குறையோடு சொன்னார். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு முகம் புத்தகம் புத்தகமாகச் சுற்றியிருக்கிறது, முகத்தின் சொந்தக்காரி ஒரு பக்கத்தில் பிள்ளைகளை வளர்க்கக் கூலி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

நான் லாங் இல்லை. ஆனால் லாங்கைவிட எனக்கு ஒரு வசதி இருந்தது. எனக்கு ஆச்சியின் இடம் தெரியும். சைக்கிளில் பத்து நிமிசம்.

46,300இல் பாதி 23,150. ஏற்கெனவே கொடுத்தது 2,000. மிச்சம் 21,150ஐ ஒரு என்வலப்பில் போட்டுக்கொண்டு போனேன். உண்மைத் தொகையைச் சொன்னேன்.

"அப்ப அண்டைக்குப் பத்தெண்டாய்?"

"பொய் சொன்னனான் ஆச்சி."

கை நிற்கவில்லை, ஓலை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னா. "உது காசு வந்தா எல்லாருக்கும் வாற வருத்தம்தான்." பிறகு கையைத் துடைத்துவிட்டுக் காசை இரண்டு தரம் எண்ணினா. "பாதி காணும். நீயும் வெயிலுக்க அலைஞ்சனிதானே. ஆனா இனி எடுக்கிறதெண்டா என்னத்துக்கெண்டு முதலே சொல்லிப்போட்டு எடு."

கனடாக்காரருக்கும் எழுதினேன். அடுத்த தடவை பக்கெட் அடிக்கும்போது வேறு படம் போடட்டாம் என்று ஆச்சி சொன்னதைச் சொன்னேன். மாற்றுவதாகப் பதில் போட்டிருக்கிறார். பார்ப்போம்.

இப்போது கொப்பியில் வரவு, செலவு என்ற இரண்டு நிரலுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: 'ஆற்றை முகம்'. படத்தை விற்றால் அந்த ஆளுக்குப் பாதி. விற்பதற்கு முன்னால் போய்க் கேட்க வேணும், தமிழில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேணும். சின்னப் பிள்ளைகளின் முகம் விற்பனைக்கு இல்லை. இதனால் போன வருடம் இரண்டு வியாபாரம் தவறியது. ஒரு தடவை குருநகரில் ஒரு ஐயா, "முகம் வேண்டாம் பிள்ளை, வள்ளத்தை எடு" என்றார். வள்ளத்தை எடுத்தேன். நல்லாத்தான் வந்தது.

ஆகவே, இன்பொக்ஸில் கேட்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு: உழைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி மற்ற வேலையை விட்டுவிடாதேங்கோ. 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் செய்கிற வேலைக் காசுக்கும் வரி உண்டு. எல்லா வருமானமும் சேர்த்து வருடத்துக்கு 18 இலட்சத்தைத் தாண்டினால்தான் அந்தக் கவலை, எனக்கு இன்னும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. முதல் நாளே ஒரு கொப்பி வாங்குங்கோ. மூன்று நிரல் போடுங்கோ.

அன்றைக்கு வெளிக்கிடும்போது ஆச்சியிடம் ஒரு கடகம் எடுத்தேன். 650 ரூபாய் என்றா.

"எனக்குமோ ஆச்சி? கொஞ்சம் குறைச்சுத் தாங்கோவன்."

"அது வேற, இது வேற பிள்ளை," என்று கையை நீட்டினா.

முழுக்காசையும் கொடுத்துத்தான் வாங்கி வந்தேன்.