சிபில் மதிப்பெண்ணுக்குக் கீழே

"உங்க சிபில் எவ்வளவு?" கடன் கேட்டுப் போகிற இடமெல்லாம் இதே கேள்விதான். நம் கடன் வரலாற்றுக்கு 300 முதல் 900 வரை தரப்படும் ஓர் எண் அது. 750-ஐத் தாண்டியிருந்தால் அதிகாரியின் முகம் மலர்கிறது, 600-ஐ ஒட்டியிருந்தால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வருகிறது. அதனால் எல்லோரும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு கடன் அறிக்கையை மூடிவிடுகிறார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அதன் கீழே நீளும் பக்கங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் அறிக்கையை எடுத்து வந்தால் வரிவரியாகச் சேர்ந்து படிப்போம்.

பெயரும் பிறந்த தேதியும் உள்ள முதல் பகுதியை யாரும் பார்ப்பதில்லை. நம் ஊர்ப் பெயர்களுக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இனிஷியல் ஆதாரில் பெயருக்குப் பின்னால் நிற்கும், வங்கிப் புத்தகத்தில் முன்னால் நிற்கும், பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொண்ட தலைமுறையும் இன்னும் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே ஊரில் இரண்டு எஸ். முருகன்கள் இருந்து, எங்கோ ஒரு கிளையில் பான் எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டால் ஒருவருடைய டிராக்டர் கடன் இன்னொருவர் தலையில் வந்து உட்கார்ந்துவிடும்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, "நான் ஒத்த ரூபா கடன் வாங்கினதில்ல தம்பி" என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் மைத்துனர் கடனில் ஷேர் ஆட்டோ வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். தவணை நின்று மாதக்கணக்காகியும் அக்காவின் காதுக்கு எதுவும் வரவில்லை. பவர் மிஷினுக்குக் கடன் கேட்டபோதுதான் தெரிந்தது. ஜாமீன்தாரர் என்ற குறிப்போடு அந்தக் கடன் முழுவதும் அவருடைய அறிக்கையிலும் இருந்தது. மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கும் கூடவே இருந்தது. உறவுக்காகப் போட்ட கையெழுத்து இப்படித் தன் பெயரிலேயே நிற்கும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியது கடன் கொடுத்தவர்களின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு வரி, 'செட்டில்டு'. வசூலுக்கு வருபவர், "பாதியைக் கட்டுங்க, முடிச்சுடலாம்" என்பார். கடன்பட்டவரும் நகையை விற்றாவது கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். 'குளோஸ்டு' என்றால் முழுக்கக் கட்டியவர். 'செட்டில்டு' என்றால் கடன் கொடுத்தவர் நஷ்டப்பட்டார் என்றே அடுத்த வங்கி படிக்கும். பணம் கட்டும் முன்பே, அறிக்கையில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடன் மட்டுமல்ல, வேலையும்கூட இந்த அறிக்கையால் கைநழுவலாம். கடன் வரலாறு சரியில்லை என்று ஸ்டேட் வங்கி ஒருவருடைய பணி நியமனத்தை ரத்து செய்ததை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

தன் அறிக்கையைத் தானே பார்த்தால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். குறையாது. கடன் தருகிறவர் பார்ப்பது வேறு, நாம் பார்ப்பது வேறு. சிபில் மட்டுமல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் நம் கணக்கை வைத்திருக்கின்றன. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017 முதல் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் இருக்கும் பிழை மற்றொன்றில் இல்லாமல் போகலாம் என்பதால் நான்கையும் பார்ப்பது நல்லது.

கடைசிப் பக்கத்தில், நம்மைப் பற்றி யார் யார் விசாரித்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். நான் அதிக நேரம் நிற்பது அங்கேதான். கேட்காத கடனுக்கு ஒரு நிறுவனம் விசாரித்திருந்தால், நம் பான் அல்லது ஆதார் விவரம் வேறு யார் கையிலோ இருக்கலாம் என்பதற்கு அது முதல் தடயம். சிம் வாங்கவும் அறை எடுக்கவும் ஆதார் நகலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று நகலின் குறுக்கே எழுதிக் கொடுத்தால் அதை வேறு எதற்கும் பயன்படுத்துவது கடினமாகும். நம் அறிக்கையை யாராவது எடுத்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்பது இப்போது விதி. பழைய கைபேசி எண்ணே பதிவில் கிடந்தால் அந்தச் செய்தி நமக்கு வந்து சேராது. பணம் பறிபோயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

தவறான பதிவை, அறிக்கை தரும் நிறுவனம் தானாகத் திருத்தாது. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் திருத்தும். அதனால் இருவருக்கும் எழுத வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு நமக்கு வர வேண்டும். அது வந்து சேர, புகாரிலேயே நம் வங்கிக் கணக்கு விவரத்தையும் எழுதிவிட வேண்டும்.