பிரேக் ஆயில் எங்கே போச்சு?

போன ஞாயித்துக்கிழமை அம்மாவை ஏத்திக்கிட்டு பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வரும்போது, பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தா முன்பக்க இடது சக்கரத்தோட உள்பக்கம் பூரா ஈரம். 2004-ல அப்பா வாங்கின ஆல்டோங்க. காலிப்பர் கசியுது.

அப்பாகிட்ட கேட்டா, "ஒரு மாசமா குறையுதுடா, நான்தான் ஊத்திக்கிட்டு இருக்கேன்"னார், சாதாரணமா. எனக்கு குப்புனு வேர்த்துருச்சு. பிரேக் ஆயில் என்ன பெட்ரோலா, ஓட ஓட தீர? பேட் தேயத் தேய மட்டம் லேசா இறங்கும், அவ்ளோதான். வாராவாரம் குறைஞ்சா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

ஜி.பி. ரோட்டுல சீல் கிட், டாட் 3 ஆயில், புது பேட் வாங்கினேன் (ஆயில் குடிச்ச பேட் பிடிக்காது). தெருமுனை மெக்கானிக் அண்ணன் பக்கத்துல நிக்க, பிஸ்டனைக் கழட்டினேன். உள்ளே சதுர வெட்டுல ஒரு ரப்பர் வளையம். ஆயிலைத் தடுக்கிறதும் அதுதான், காலை எடுத்ததும் பிஸ்டனை உள்ளே இழுக்கிறதும் அதுதான். 20 வருஷத்துக்கு மேல உழைச்சு விறைச்சுப் போயிருந்துச்சு. பெட்ரோல்ல கழுவப் போனேன். "ரப்பர் ஊதிரும் தம்பி, பிரேக் ஆயில்லயே கழுவு"ன்னார் அண்ணன். நல்லவேளை, பிஸ்டன்ல துரு இல்லை.

கடைசியா ஏர் எடுக்கணும். அப்பா சீட்டுல, நான் தரையில. "மிதிங்கப்பா... அப்படியே பிடிங்க." நிப்பிளைத் திறந்து மூடுவேன். "இப்ப விடுங்க." ஏழெட்டுத் தடவைக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு.

"இனிமே குறைஞ்சா சொல்லிடறேன்டா"ன்னார் அப்பா.

நீங்க கடைசியா எப்போ அந்த டப்பாவை எட்டிப் பார்த்தீங்க?