பாதியில் விட்டவை

டிசம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை, செம்பவாங்கில் உள்ள எங்கள் வீவக வீட்டின் பதுங்கறையைச் சுத்தம் செய்யத் தொடங்கினேன். பல வீடுகளைப் போலவே எங்களுக்கும் அது தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கும் அறைதான். கதவைத் திறந்தால் என்னுடைய ஓராண்டு முழுவதும் அங்கே இருந்தது. தேய்ந்த ஓட்டக் காலணி, மூன்று கேக் தட்டுகள், தையல் இயந்திரம், பாதி தீர்ந்த உரப்பை. ஒவ்வொன்றும் இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று மாதம் என் கையில் இருந்தவை.

முந்தைய ஆண்டு நவம்பரில் அம்மா தவறிவிட்டார். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். வேலை முடிந்து வீடு திரும்பினால் அம்மாவின் நாற்காலி காலியாக இருக்கும். அதற்கு எதிரே அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். "சாப்டியாம்மா?", "சாப்டேன்பா." அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு ஓடாது.

ஜனவரியில் ஓடத் தொடங்கினேன். செம்பவாங் சாலை வழியாக வடக்கே போனால், சாலை முடிகிற இடத்தில் செம்பவாங் பூங்காவும் கடலும் வரும். வழியெங்கும் பிரிட்டிஷ் கடற்படையின் சுவடுகள். 1938ல் இங்கே கடற்படைத் தளம் திறக்கப்பட்டது. கென்பரா, வெலிங்டன், ஆக்லந்து என்று தெருக்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. அந்தத் தளத்தில் வேலை செய்யத்தான் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பலர் வந்தார்கள். என் தாத்தாவும் அப்படி வந்தவர். இந்த வட்டாரத்துத் தொழிலாளர்கள் வழிபட்டு வந்த புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இப்போது ஈசூனில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அம்மா தவறாமல் எங்களை அழைத்துப் போவார்.

மார்ச்சில் முழங்கால் வலித்தது. ஓட்டத்தை விட்டு, கேக் செய்யப் பழகினேன். மே மாதத்தில் அதுவும் அலுத்தது. தேக்கா நிலையத்தின் மாடியில் துணிக்கடைகளுக்கும் தையல்காரர்களுக்கும் நடுவே ஒரு மாலை சுற்றிவிட்டு, பருத்தித் துணியுடனும் பெரிய கனவுடனும் வீடு திரும்பினேன். இரண்டு தலையணை உறையோடு அந்தக் கனவு முடிந்தது. ஜூலையில் புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் வெண்டை போட்டேன். காய்த்தது. காய்த்த கையோடு ஆர்வமும் போய்விட்டது.

செப்டம்பரில் தூண்டில் வாங்கி வந்தபோது அப்பா முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"எதையும் முழுசாப் பண்ண மாட்டியாம்மா?"

சுருக்கென்று தைத்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பத்தொன்பது வயதில் கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து, ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தவர் அவர். 1968ல் பிரிட்டிஷார் அந்தப் பட்டறையைச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தார்கள். 1971 அக்டோபருக்குள் படைகளும் பெரும்பாலும் கிளம்பிவிட்டன. ஊரே வேலையை நினைத்துக் கவலைப்பட்ட அந்தக் காலத்தில், ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்ததுதான் அவர் அறிந்த வெற்றி.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். ஓட்டம், கேக், தையல், தோட்டம் என்று பெயர்தான் மாறியதே தவிர, எல்லாமே அந்தக் காலி நாற்காலிக்கு எதிரே உட்காராமல் இருக்க நான் கண்டுபிடித்த வழிகள். ஒன்று பழகிப்போய், கை தானாக வேலை செய்யத் தொடங்கியதும் மனம் மறுபடி அம்மாவிடம் போய்விடும். உடனே அடுத்ததைத் தேடுவேன்.

தூண்டிலும் அப்படித்தான். செம்பவாங் பூங்காவின் படகுத்துறையில் ஆறு வாரம் நின்றேன். ஜோகூர் நீரிணைக்கு அப்பால் மலேசியக் கரை தெளிவாகத் தெரியும். பக்கத்தில் நண்டு வலை இறக்குபவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. அக்டோபர் முடிவில் தூண்டிலும் பதுங்கறைக்குள் போனது.

ஆனால், சுத்தம் செய்த அன்று அங்கே தூண்டில் இல்லை.

"அப்பா, தூண்டிலைப் பார்த்தீங்களா?"

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "நான்தான் எடுத்துட்டுப் போறேன். காலையில, நீ வேலைக்குப் போனதும்," என்றார். ஒரு மாதமாக 882ஆம் எண் பேருந்தில் ஏறிப் படகுத்துறைக்குப் போய் வருகிறாராம். சின்ன வயதில் அந்தக் கடலில் மீன் பிடித்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "வீட்ல உக்கார முடியலம்மா," என்றார்.

அவரும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரே வீட்டிலிருந்து, ஆளுக்கொரு நேரத்தில்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இருவரும் முட்டைகளை எடுத்துக்கொண்டு செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போனோம். கேம்பஸ் அவென்யூவில் இருக்கிறது, காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. ஊற்றின் நீர் ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸ் சூடு. வாளியில் பிடித்து முட்டையை வேகவைக்கிறார்கள். சூடு படிப்படியாகத் தணியும் தொட்டிகளில் கால்களை நனைத்துக்கொள்ளலாம்.

இந்த ஊற்றின் கதை என்னை நிற்க வைத்தது. 1909ல் கண்டுபிடிக்கப்பட்டது. 1920களில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் அந்த நீரைப் போத்தலில் அடைத்து விற்றது. ஜப்பானியர் ஆட்சியில் குளியல் தொட்டிகள் வந்தன. பின்னர் ஆகாயப்படைத் தளத்துக்காக நிலம் எடுக்கப்பட்டது. புதுப்பிக்கப்பட்ட பூங்காவாக 2020 ஜனவரியில் மறுபடியும் திறக்கப்பட்டது. நூறு ஆண்டுகளில் எத்தனையோ வேலை பார்த்த தண்ணீர் அது. எதையும் முழுசாகப் பண்ணவில்லை என்று அதை யாரும் குறைசொன்னதாகத் தெரியவில்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். முட்டையை உரித்தபடி, "அம்மாவா இருந்தா உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி எடுத்துட்டு வந்திருப்பா," என்றார். அம்மா போன பிறகு, அவரைப் பற்றி அப்பா தானாக ஆரம்பித்த முதல் பேச்சு அது. கால்களைத் தண்ணீரில் வைத்தபடி, வெயில் ஏறும் வரை அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சில இடங்களில் அப்பாவின் குரல் உடைந்தது. இருவருமே எழுந்து போகவில்லை.

ஓராண்டில் நான் என்ன கற்றேன் என்று கேட்டால், ஒன்றிலும் தேர்ச்சி பெறவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால், பாதியில் விட்ட பொருள் ஒன்று அப்பாவைக் கதவுக்கு வெளியே கொண்டுபோனது. கவலையை ஆற்றத் தனித்தனியாக ஓட வேண்டியதில்லை என்பதும் புரிந்தது.

தையல் இயந்திரத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் படகுத்துறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். தூண்டில் அவர் கையில். என் வேலை இரண்டு போத்தல் தண்ணீரும், ஒரு பொட்டலம் உப்பு மிளகும் கொண்டுபோவது. மீன் பிடித்து முடிந்ததும் ஊற்றுக்குப் போய் முட்டை வேகவைப்போம்.